குரூப்பில் போட்ட மழை

ஜனவரி 5, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிரே நிற்கும் ரப்பர் மரங்கள்கூடத் தெரியவில்லை. ராபின்சன் வழக்கம்போல மொட்டைமாடியில் ஏறி வானத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினார். கல்ஃபிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து என் புருஷனுக்கு இதுதான் வேலை. குன்னத்துகால் ஊரிலிருந்து காரோடு ஊர் வரை எல்லோருக்கும் வானிலை சொல்கிறார். கான்கிரீட் போடுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், வலை உலர்த்துகிறவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்திருக்கிறார்கள்.

இன்று முதல்முறையாக நானும் கேட்டேன். அப்பா தந்த நிலத்தில் நானே நட்ட மரச்சீனி. கிழங்கை வேகவைத்துப் பாறையில் பரப்பினால் காய மூன்று நாள் வெயில் வேண்டும். கிடைக்குமா?

"வியாழன் வரைக்கும் நல்ல வெயில் ஆக்கும். தைரியமா போடு" என்றார்.

குரூப்பில் நான் இல்லை. நவம்பரில் 'வானத்தைப் பார்க்கிறவர் அடுக்களையில் ஒழுகுவதையும் கொஞ்சம் பார்க்கட்டும்' என்று அதில் எழுதினேன். ஊரே சிரித்தது. அன்றைக்கே என்னை எடுத்துவிட்டார். அட்மின் அல்லவா. அடுக்களை இன்னும் ஒழுகுகிறது.

ஜனவரி 6, செவ்வாய்

கை எரிகிறது.

விடியுமுன் அண்டா வைத்தேன். தோல் சீவி, நறுக்கி, கொதிக்கவிட்டு, வடித்து, கூடை கூடையாகப் பாறைக்குச் சுமந்தேன். வெயில் ஏறும்போது பாறை முழுக்க வெள்ளை. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துப் படுத்தவள் அசந்துவிட்டேன்.

எழுந்தது மழைச் சத்தத்தில்.

ஓடினேன். என் மரச்சீனி மட்டும் தண்ணீரில் மிதக்கிறது. பக்கத்தில் அடுத்த வீட்டு ஸ்ரீகுமாரி போட்டிருந்ததைக் காணவில்லை. மேட்டில் மற்றப் பெண்கள் போட்டிருந்ததும் இல்லை. எல்லோரும் முன்னமே வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்ரீகுமாரி குடையோடு ஓடிவந்தாள்.

"ஷிஜாக்கா, நீங்க இன்னும் வாரல்லியா? சாயங்காலத்துக்குள்ள மழ உண்டு எண்ணு அண்ணன் மத்தியானமே மெசேஜ் போட்டாரே. உங்களுக்குத் தெரியாம இருக்குமா எண்ணுதான் நான் விளிக்கல்ல."

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும். இந்த வீட்டுல கிடக்குத எனக்கு மட்டும் தெரியல்ல.

ஜனவரி 7, புதன்

நேற்று அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு வாசகசாலையில் பேசப் போயிருந்தார். தலைப்பு, மேகம் உண்டாவது எப்படி. பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் சொன்னபடி, வெளியே மழை பிடித்ததாம். ஒரே கைதட்டல். பொன்னாடையோடுதான் வீட்டுக்குள் வந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"பஸ்ஸில இருந்தே குரூப்பில போட்டேனே."

"நான் குரூப்பில இல்லியே."

பொன்னாடையை மடித்தார். "அது மறந்து போச்சு" என்றார்.

எது மறந்தது? நான் குரூப்பில் இல்லை என்பதா, நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கும் வகுப்பு எடுத்தார். குமரிக்கடலில் காற்று திடீரென்று திரும்பியதாம். ஈரக்காற்று மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும். ஆனால் குளிர் மட்டும் போதாதாம். நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு தூசியோ உப்புத்துகளோ வேண்டும், அப்போதுதான் அது துளியாகும், மேகமாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியைப் பற்றி எவ்வளவு அக்கறையாகச் சொன்னார்! முன்னால் நின்ற என் எரிகிற கையை அவர் பார்க்கவில்லை.

ஜனவரி 8

வெயிலே இல்லை. மரச்சீனி வழுவழுக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

பூசணம் பிடித்துக் கறுத்துவிட்டது. நாற்றம். ஸ்ரீகுமாரியும் நானும் வாரிக் குழியில் கொட்டினோம். அவள் அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"வானிலைக்காரர் வீட்டு மரச்சீனியா நனைஞ்சது?" என்று வழியில் போகிறவர்கள் கேட்கிறார்கள். அவருக்கு அதுதான் அவமானம். என் பாடு போனதில் ஒன்றுமில்லை.

ஜனவரி 10, சனி

போனில் வந்தது — அட்மின் உங்களைச் சேர்த்துள்ளார். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டார். நானே வெளியேறினேன்.

"ஏன் போனே?" என்று ஹாலிலிருந்து கேட்டார்.

"எங்கிட்ட சொல்ல உள்ளதுண்ணா அடுக்களைக்கு வாங்க. நான் இங்கதான் உண்டு."

வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் செவ்வாய்க்கிழமை மழைக்காக அவருக்கு ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஸ்ரீகுமாரி ஒரு புது குரூப் தொடங்கியிருக்கிறாள். பாறையில் காயப்போடுகிற பெண்கள் மட்டும். வானத்தில் முதலில் கறுப்பைக் காண்கிறவள் எழுத வேண்டும், அவ்வளவுதான். என் மரச்சீனியில் பாதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

மீதியைப் பிடுங்கி வேகவைத்துப் போட்டிருந்தேன். காய்ந்துவிட்டது. கடித்தால் கடக்கென்று ஒடிகிறது.

இன்றும் வெயில் என்றுதான் அவர் குரூப்பில் போட்டிருந்தாராம், ஸ்ரீகுமாரி சொன்னாள். மத்தியானம் கிழக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் கண்டது நான். உடனே எங்கள் குரூப்பில் எழுதினேன். எல்லோரும் ஓடிவந்து வாரினோம். ஒரு துண்டுகூட நனையவில்லை.

வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த என் துணிகளை எடுத்தேன். நாளைக்குப் பாறசாலையில் பேசப் போவதற்கென்று துவைத்துப் போட்ட அவருடைய வெள்ளைச் சட்டையும் கிடந்தது. அவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். சட்டையை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே பொய் எழுதமாட்டேன்.

மழை விட்டதும் சேறு பட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"மழ வருமெண்ணு உனக்குத் தெரியும் இல்லியா. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"குரூப்பில போட்டேனே."

"எந்த குரூப்பில? நான் அதில இல்லியே."

"அது மறந்து போச்சு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலமாகிறது. எனக்கு அது போதவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மரச்சீனிச் சாக்கின் வாயைக் கட்டப் போனேன்.