பிரிக்காத மூன்று சட்டைகள்

மாப்ள,

பதின்மூன்றாம் நம்பர் சட்டை என் மடியில் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒருவன் போட்டு ஓடி, மணலில் புரண்டு, கழற்றிக் கொடுத்த சட்டை. துவைக்கலாம் என்று எடுத்தவன் துவைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். வேர்வை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அதற்கடியில் உன் வீட்டு பீரோவின் பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. இந்தச் சட்டையில் ஒரு சொட்டு வேர்வை படுவதற்கு நீ செத்துப்போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. மாற்று ஆட்டக்காரர்களுக்கென்று ஊர் ஆசையாகத் தைத்துக் கொடுத்த மூன்று சட்டைகள். நீ மேனேஜராக இருந்த ஒரே சீசனில் அவை பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வரவே இல்லை. குண்டூசியைக்கூடப் பிடுங்கவில்லை. கேட்டதற்கு, "போடாத சட்டைய எதுக்குலே பிரிக்கணும், அழுக்காயிரும்" என்றாய். நீயெல்லாம் ஒரு மேனேஜர்!

உறவுக்கு நீ என் தங்கை ரீத்தம்மாவின் புருஷன். அதற்கு வெகுகாலம் முன்பே கோல் கம்பத்துக்குப் பின்னால் எனக்குப் பக்கத்து ஆள். கோயிலுக்குப் பின்புறம், பாதி மண்ணும் பாதி மணலுமான நம் மைதானத்தில், கருவேல மரத்து நிழல் நம் இருவருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரி. எனக்கு மீன் ஏலம் கூறுகிற தொண்டை. உனக்குக் கடலில் காற்றை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. ஆட்டக்காரர்களை நாம் திட்டியதே இல்லை. "அவனுங்க பிள்ளைங்க, பாவம். நடத்துறவனத்தான் கேக்கணும்" என்பாய். எத்தனை மேனேஜர்களைக் கேட்டிருப்போம்! டிரில் வாத்தியார் ஒருவர் நோட்டும் கையுமாக வந்தார். "இந்த ஆளு பந்தக்கூட ரூல் போட்டுத்தான் உதைக்கச் சொல்வான்" என்றாய். விசைப்படகு வைத்திருக்கிற போட்டுக்காரர் ஒருவர் தன் மருமகனை நடுவில் நிறுத்திக் கோல் அடிக்கச் சொன்னார். "அவன் காலுக்கும் பந்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே" என்று நீ கத்தியதில் எதிரணிக் கோல்கீப்பரே சிரித்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த மறு ஞாயிறு, பூசை முடிந்ததும், வலைக் கொட்டகையில் ரசிகர்கள் கூடுவோம். கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல் மேனேஜர் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் எழுந்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கடைசியில், "அடுத்த சீசனும் இவரா?" என்று ஒரு குரல் கேட்கும், கைகள் எழும், அல்லது எழாது. டிரில் வாத்தியார் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். நீதான் அவரைக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தாய். "அழுவாதீங்க சார். நாங்க பொய் ஒண்ணும் சொல்லலையே" என்று நீ ஆறுதல் சொன்ன அழகை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாய்: "பெட்டியில உக்காந்தவன்கிட்டப் பொய் சொன்னா, அவன ஒரு ஆளாவே மதிக்கலைன்னு அர்த்தம் மச்சான்."

இவ்வளவு பேசியவனை ஊர் சும்மா விடுமா? "இம்புட்டுப் பேசுறீயல்ல, நீயே நடத்து" என்றார்கள். நீயும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டருகே போய் நின்றாய். கருவேல மரத்தடியில் நான் தனியாள் ஆனேன். சரி, நம்ம ஆள், கலக்கப் போகிறான் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. நீ அணியை நடத்தவில்லை, வள்ளம் ஓட்டினாய். கடலுக்குப் போகிற வள்ளத்தில் ஏறியவன் காய்ச்சல் வந்தாலும் வாந்தி எடுத்தாலும் கரைக்கு வந்துதான் இறங்குவான், நடுவில் ஆள் மாற்ற முடியாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து மைதானத்தில் நட்டாய். பதினொரு பேர் இறங்கினால் அந்தப் பதினொரு பேர்தான், ஊதி முடிக்கும்வரை. பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேரும் கடலை கொறித்தே சீசனை முடித்தார்கள். அவர்களில் ஸ்டீபன் அரசாங்கப் பரீட்சைப் புத்தகத்தையே பெஞ்சுக்குக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டான். அவனாவது உருப்பட்டான்.

உப்பூருக்கு அந்தப் பக்கம் நடந்த அரையிறுதியை மறக்க முடியுமா? ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். பின்வரிசையில் சூசைக்கு முழங்கால் பிசகி, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்கிறான். எதிரணிக்காரன் அவன் பக்கமாகவே பந்தைக் கொண்டுவருகிறான், வேறு வேலை இல்லாதவன் மாதிரி. நான் கம்பத்துக்குப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறேன்.

"மாப்ள! அவன வெளிய எடுத்துத் தொல!"

"ஏறுனவன் கரையிலதாம்லே இறங்கணும்!"

"இது வள்ளம் இல்லலே, கிரவுண்டு! கரை எங்கன இருக்கு, உன் காலுக்குக் கீழதான் இருக்கு!"

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடிவானம் பார்க்கிறவன் மாதிரி நின்றாய். கடைசி இருபது நிமிடத்தில் மூன்று கோல். மூன்றும் சூசை பக்கமாக. சூசையைத் தோளில் போட்டு வேனுக்குத் தூக்கி வந்தோம். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நங்கூரக் கயிறு இழுக்கிற பிழைப்பு. கால் போனால் என்ன செய்வான் என்று கேட்டேன். "நாமதான் தூக்கியாந்துட்டம்ல" என்றாய். அன்றைக்கு உன் மேல் வந்த வெறுப்பு எனக்கு ஒரு மேனேஜர் மேலும் வந்ததில்லை.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தபோது, காய்ச்சலில் கிடந்த உன்னை ஏதோ ஒரு கரையில் இறக்கிவிட்டு, வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டான் ஒரு வள்ளக்காரன். வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தாய். அது கொடுமைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்குப் பரிகாரம் சூசையின் முழங்காலா? உன்னை இறக்கிவிட்டவன் ஒரு மடையன். சூசையை இறக்காத நீ இன்னொரு மடையன்.

இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொல்ல அந்த ஞாயிறுக்காகக் காத்திருந்தேன். நீ பெட்டியில் உட்கார்ந்திருப்பாய், வாயைத் திறக்க முடியாது, ஆசை தீரக் கிழித்துவிடலாம் என்று மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாக அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் வயிற்றில் கட்டி என்றார்கள், ராமநாதபுரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டுவிட்டு உன் கட்டிலுக்கு வந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய்.

"பெட்டியில உக்கார நான் வருவேனான்னு தெரியல மச்சான். என்ன சொல்லப் போற? இங்கனயே சொல்லிரு."

"நல்லாத்தான் நடத்துன மாப்ள. அடுத்த சீசனும் நீதான்."

நீ சுவரிலிருந்து முதுகை எடுத்து முன்னால் சாய்ந்தாய்.

"டாக்டரு உன்கிட்ட என்னலே சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லிட்டாரு. இல்லாட்டி நீ என்னப் பாராட்டுவியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனேன். டீ குடிக்கவில்லை.

கூட்டம் நடந்தது, நீ இல்லாமல். ஐஸ் பெட்டியின் மேல் உன் படம், படத்துக்கு மாலை. பேசினார்கள் பார், தூ! நீ உயிரோடு இருந்தபோது உன்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரிப் பார்த்தவனெல்லாம் எழுந்து நின்று மூக்கைச் சிந்தினான். "இப்படியொரு மேனேஜர் இனிமே பிறந்துதான் வரணும்" என்றான் ஒருவன். அரையிறுதியில் உன் மேல் தண்ணீர் பாட்டிலை எறிந்த அதே ஆள். உனக்கு உதவியாக நின்ற அந்தோணி அடுத்த மேனேஜர். அவன் எழுந்து, "அண்ணன் வழிதான் நம்ம வழி. அவரு நினைவா நம்ம டீம்ல இனிமே மாத்து ஆளே கிடையாது" என்றான். கைத்தட்டல். நொண்டிக்கொண்டு வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சூசையும் கை தட்டினான். தன் கால் போவதற்குத்தான் கை தட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மைதானத்தின் மொத்த முட்டாள்தனமும் உன் பெயரால் புனிதமாகிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். உன் படத்தைப் பார்த்துத்தான் பேசினேன், அவர்களைப் பார்த்து அல்ல.

"மாப்ள, நீ படுமோசமா நடத்துன. மூணு ஆள பெஞ்சில உக்கார வச்சு ஒரு ஆளு கால ஒடச்ச. உனக்கு ஆட்டமும் தெரியல, ஆளயும் தெரியல. இதை ஒரு வழின்னு சொல்லி இங்கன ஒருத்தன் கெளம்பியிருக்கான், அவன் உன்னைவிட மோசம்" என்றேன்.

எவனோ என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். அப்புறம், "அண்ணன் வழியிலேயே அடுத்த சீசனுமா?" என்ற குரல். எல்லாக் கையும் எழுந்தது. என் கை மட்டும் எழவில்லை. "செத்தவன ஏசுற வாய் அழுகிப்போகும்" என்றார்கள். ரீத்தம்மா காதுக்கும் போயிற்று. என் கூடப் பிறந்தவள் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை மாதமாக ஒரு வார்த்தை இல்லை.

நேற்றுதான் புதுச் சீசனின் முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் சூசை விழுந்தான். தானாகவே எழுந்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான், அதே காலை இழுத்துக்கொண்டு. அந்தோணி அச்சு அசலாக உன்னை மாதிரியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "அந்தோணி, அவன வெளிய கூப்புடுலே!" என்று கத்தினேன். "செத்தவருக்கு மரியாதை குடுங்க பெருசு" என்று பின்னாலிருந்து எவனோ அதட்டினான்.

அப்போதுதான் கோயில் பக்கமிருந்து ரீத்தம்மா வந்தாள். பிறந்ததிலிருந்து மைதானத்துக்குள் கால் வைக்காதவள். கையில் மஞ்சப்பை. கோட்டோரமாகவே நடந்து வந்து பெஞ்சில் பையைக் கவிழ்த்தாள். மூன்று சட்டைகளும் உறையோடு விழுந்தன. ஒன்றை எடுத்து, உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து, குண்டூசியைப் பிடுங்கி, பழக்க தோஷத்தில் அங்கே உட்கார்ந்திருந்த ஸ்டீபனிடம் நீட்டினாள்.

"போடு."

"அக்கா, அண்ணன் வச்ச முறை..." என்று இழுத்தான் அந்தோணி.

"உங்க அண்ணனுக்கு வள்ளந்தான் தெரியும். பந்து தெரியாது. அது எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? அந்தச் சூசையக் கூப்புடு."

அந்தோணி கூப்பிட்டான். சூசை வெளியே வந்து பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான், வலியிலா நிம்மதியிலா தெரியவில்லை. ஜெயித்தோமா என்று கேட்பாய். தோற்றோம். ஸ்டீபனுக்குக் கிடைத்த ஒரே பந்தைக் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் உதைத்தான். ஆனால் சூசை தன் காலிலேயே வீட்டுக்கு நடந்து போனான்.

கூட்டம் கலைந்ததும் ரீத்தம்மா இந்தச் சட்டையைத் துவைக்கச் சொல்லி என் கையில் திணித்தாள். பிறகு, மாதக்கணக்கில் பேசாதவள் பேசினாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வாசப்படியில நின்னேண்ணே, பிளாஸ்க்கோட. அவருகிட்ட 'நல்லாத்தான் நடத்துன'ன்னு சொன்னியே, கேட்டேன். அதுக்கப்புறம் அவரு கஞ்சிகூடக் குடிக்கல."

நான் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"கூட்டத்துல நீ அவர ஏசுனதாச் சொன்னாக. கோவந்தான் வந்துச்சு. ஆனா ஊரே அவரு படத்துக்கு மாலை போட்டப்பல்லாம் அவரு செத்துட்டாருன்னு இருந்துச்சு. நீ ஏசுனத கேட்டப்பத்தான் அவரு இன்னும் வீட்டுக்குள்ள இருக்காருன்னு இருந்துச்சு. நான் வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது சட்டையை ஊறவைக்கப் போகிறேன். அடுத்த ஆட்டத்துக்கு வேண்டும். அதற்கு முன்னால் ஒன்று. டிரில் வாத்தியாரைச் சொன்னதற்கும், உன்னை மடையன் என்றதற்கும், மாலை போட்ட படத்துக்கு முன்னால் கிழித்ததற்கும் நான் ஒருநாளும் வருத்தப்பட மாட்டேன். எல்லாம் உண்மை. கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்டபோது உன்னைப் பாராட்டினேனே மாப்ள, அது ஒன்றை மட்டும் மன்னித்துக்கொள்.