துரைசாணி அலுமாரி

மாமி,

உங்கள் அலுமாரியின் அடி லாச்சியைப் பிள்ளை இன்று அமத்தி இழுத்துத் திறந்துவிட்டாள். ஐந்து வருடமாக உள்ளே அடைபட்டிருந்த மெழுகு வாசமும் டர்பன்டைன் நெடியும் அறை முழுக்கப் பரவின. நீங்களே வந்து நின்றது போல இருந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

செத்தவர்களைப் பற்றிக் கெட்டதாகப் பேசக் கூடாது என்பார் உங்கள் மகன். அவர் வீட்டில் இல்லை. மாத்தளைக் கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்குப் போயிருக்கிறார், இந்த வருடத்தில் ஆறாவது தடவையாக. எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே பேசிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு என் அப்பா புதுக் கட்டில் செய்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நீங்கள் வாசலிலேயே நின்று பலகையைத் தட்டிப் பார்த்தீர்கள். "நேத்து அறுத்த மரம். அடுத்த மழைக்கு வாயப் பொளந்துரும். எங்க வீட்டுல எல்லாம் பங்களா சாமான்" என்றீர்கள். கட்டில் அதே லொறியில் திரும்பிப் போனது. அப்பா அதற்குப் பிறகு இரத்தோட்டைக்கு வந்ததே இல்லை.

உள்ளே வந்து பார்த்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, வெள்ளைக்கார துரை ஊருக்குப் போனபோது விற்றதை எல்லாம் நீங்கள் வாங்கிச் சேர்த்திருந்தீர்கள். ஒன்றோடொன்று சேராத நான்கு கதிரைகள். கண்ணாடி இல்லாத முகம் கழுவும் மேசை. தொப்பி மாட்டும் ஸ்டாண்ட் ஒன்று. நம் வீட்டில் தொப்பி போடுகிறவர் யாருமில்லை, செத்துப்போன மாமாவின் குடை அதில் தொங்கியது. நடுவில், கதவுநிலையைக் கழற்றி உள்ளே கொண்டுவந்த அந்தத் தேக்கு அலுமாரி. துரையின் மனைவி, உங்கள் துரைசாணி, உடுப்பு வைத்த அலுமாரி. பதினெட்டு வருடம் ஆயாவாக இருந்து நீங்களே துடைத்தது.

அதைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. உங்கள் சேலைகள் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் கிடந்தன.

"ஏன் மாமி, இதுல வைக்கலாம்தானே?"

"நம்ம துணியையா? துரைசாணி போறப்ப பத்திரமா பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

"நீங்க காசு குடுத்து வாங்குனதுதானே?"

"வாங்குனா? படிச்ச பிள்ளைக்கு இது கூட வெளங்கலையே."

எனக்கு விளங்கியது தூசிதான். தினமும் காலையில் நான் துடைத்து முடித்ததும் ஆள்காட்டி விரலை அலுமாரியின் விளிம்பில் ஓட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள். "காலேஜுல தூசின்னா என்னன்னு சொல்லித் தரலையோ?" துரைசாணி உங்களுக்குச் செய்ததை அப்படியே எனக்குச் செய்தீர்கள். பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதும், முக்காலியில் ஏறித் துடைத்தேன்.

அடிப்பலகைக்குக் கீழே ஒரு ரகசிய லாச்சி இருப்பதைக் காட்டியதும் நீங்கள்தான், பெருமைக்காக. அமத்தினால்தான் திறக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பலகை. ஊரில் தமிழர் கடைகளை எரிக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததும் நான் அதைத்தான் நினைத்தேன். மாமாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், உங்கள் மகனுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், எட்டு மாதக் குழந்தையுடையது, எல்லாவற்றையும் துணியில் சுற்றி அதற்குள் வைத்தேன். உங்களிடம் சொல்லியும் வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சிங்களத்தி மெனிக்கே அக்கா பின்பக்கமாக ஓடி வந்தாள். "சாமான் எல்லாம் விடுங்க, பிள்ளய தூக்குங்க, வாங்க வாங்க!" அவளுடைய விறகு அறையில் மூன்று நாள் இருந்தோம். நம் வீட்டுக் கதவு உடைகிற சத்தம் அங்கே கேட்டது. நான் பயப்படவில்லை மாமி. பத்திரங்கள் லாச்சியில் இருக்கின்றன என்று பிள்ளையின் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்தோம். கதிரைகள் இல்லை. தொப்பி ஸ்டாண்டைக் கூட யாரோ தூக்கிப் போயிருந்தார்கள். தகரப் பெட்டி ரோட்டில் எரிந்து கறுத்துக் கிடந்தது. அலுமாரி மட்டும் கதவு இரண்டும் விரியத் திறந்தபடி நின்றது. அது அந்த வாசலால் போகாது, உள்ளே எடுக்கவும் ஒன்றுமில்லை. நீங்கள் நேரே அதனிடம் போய் முந்தானையால் கதவைத் துடைத்தீர்கள். "என்னா தைரியம், கையக் கூட கழுவாம தொட்டிருக்கானுங்க."

நான் லாச்சியை அமத்தித் திறந்தேன். காலி.

"மாமி, பத்திரம் எங்க?"

"தகரப் பெட்டிக்கு மாத்திட்டேன். நம்ம கடுதாசிய போயி துரைசாணி லாச்சில வைக்கிறதா?" துடைப்பதை நீங்கள் நிறுத்தவே இல்லை.

அன்றிலிருந்து உங்கள் மகன் இந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அடையாள அட்டை தொலைந்தபோது புதியது எடுக்க முடியவில்லை. ஒரு முறை சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் நீங்கள் சாப்பிடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுமாரியைத் துடைத்தீர்கள். அடுத்த வருடம் நீங்கள் போனபோது வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அவளுடைய பத்திரத்துக்குப் பிரதி எடுத்தாயிற்று. அவளுடைய அப்பாவுக்குத்தான், மாமாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாமல், இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்காகத்தான் இன்றும் அலைகிறார்.

அவள் லாச்சியைத் திறந்து, உடைந்த சோக்கட்டிகளையும் ஒரு கை இல்லாத பொம்மையையும் உள்ளே அடுக்கினாள். "எடுடி வெளிய! நம்ம சாமான் வைக்கிற இடமா அது?" என்று கத்தினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் யோசித்தேன். நீங்கள் போய் நான்கு வருடமாகிறது. என் சேலைகள் இன்னும் கட்டிலுக்கடியில்தான் இருக்கின்றன.

எழுதுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து அலுமாரிக்குள் திணித்தேன். சேலை, பிள்ளையின் சட்டைகள், சரியாகக் காயாத துவாய், எல்லாம். கதவு மூடவில்லை. பிள்ளை கை தட்டிச் சிரித்தாள்.

நான்கு மணி பஸ் வந்து போய்விட்டது. அவர் அதில் இல்லை. அடுத்தது ஐந்தரைக்கு. ஜன்னலோரம், அலுமாரியில் சாய்ந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சோதித்தார்களோ, இறக்கினார்களோ என்று மனம் எங்கெங்கோ போனது. "அம்மா, கையில என்ன?" என்று பிள்ளை கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரல் அலுமாரியின் விளிம்பில் ஓடி முடித்து, வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றது.