தட்டை வாங்காமல் போன நாத்தனாருக்கு

இன்றைக்குக் காலையில் ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் நின்றேன். மெஷினிலிருந்து வந்த காகிதங்களைக் கடைக்காரன் என் கையில் கொடுத்து, "கெட்டியா புட்ச்சிக்கமா, பறந்துடப் போவுது" என்றான். தோசைக்கல்லிலிருந்து எடுத்தது போல அப்படி ஒரு சூடு. மையும் சூடும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்தவர்கள் சாம்பிராணிப் புகையில் வருவார்கள் என்பார்கள். நீ ஜெராக்ஸ் கடையில் வருகிறாய். எந்தக் காலத்தில் நீ முறையோடு வந்தாய், இப்போது வர?

நான் ஏன் அங்கே போனேன் என்பதை உனக்குத்தான் சொல்ல வேண்டும். உங்க அண்ணன் இருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். அவரும் போய்விட்டார், அவர் பின்னாலேயே நீயும் போய்விட்டாய்.

கொரட்டூர் வீட்டை விற்றுவிடலாம் என்று சேகர்தான் ஆரம்பித்தான். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. மழை பிடித்தால் ஏரித் தண்ணீர் குளியலறை வழியாக எட்டிப் பார்க்கிறது. வாசல் படி இறங்க என் முட்டி ஒத்துழைப்பதில்லை. கொரட்டூரிலேயே ஸ்டேஷன் பக்கம் தரைத்தளத்தில் ஒரு பிளாட் பார்த்து வைத்திருந்தான். என்னையும் கூட்டிப் போய்க் காட்டினான். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ரயில் போகிறது. அதில் தொங்கிக்கொண்டு போகிற ஜனங்களின் முகம் கூடத் தெரிகிறது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்த ஜன்னலைக் கேட்டேன். "உனக்குத்தாம்மா அது" என்றான்.

வாங்க வந்தவர் பேங்க் லோன் போடுகிறவர். பத்திரமெல்லாம் சரியாக இருந்தால்தான் பேங்க் கொடுக்குமாம். அதனால் அம்பத்தூரில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். மெடிக்கல் ஷாப்புக்கு மேலே மாடி. அந்தப் படியை ஏறி முடிப்பதற்குள் பாதி உயிர் போயிற்று. மீதி உயிரை அந்தம்மா கேள்வி கேட்டே எடுத்துவிட்டாள்.

"இடம் யார் பேர்ல வாங்கினது?"

"என் மாமனாரு பேர்ல."

"அவர் உயில் எழுதி வச்சாரா?"

"அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. கைநாட்டு."

"கைநாட்டு வச்சும் உயில் எழுதலாம்மா. எழுதினாரா, இல்லையா?"

"இல்ல."

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

சேகர் முந்திக்கொண்டான். "எங்கப்பா, அப்புறம் ஒரு அத்தை. அத்தையத்தான் எப்பவோ கட்டிக் குடுத்தாச்சே மேடம்."

"கட்டிக் குடுத்துட்டா அவருக்குப் பொண்ணு இல்லைன்னு ஆயிடுமா?"

சேகர் பையைக் கவிழ்த்தான். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், உங்க அண்ணன் பேருக்கு மாற்றின பட்டா, எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினான். இத்தனை வருஷமாக வரி கட்டுகிறோமே, அது போதாதா என்றான். வரி கட்டினால் குடியிருக்கிறீர்கள் என்றுதான் ஆகும், வீடு முழுக்க உங்களுடையது என்று ஆகாது என்றாள். பட்டாவும் அப்படித்தானாம். ஒரு வாரிசின் பேருக்கு மாற்றிவிட்டால் இன்னொரு வாரிசின் பங்கு கரைந்து போகாதாம்.

"வில்லங்கம் கூட போட்டுப் பாத்துட்டேன் மேடம். சுத்தமா கீது, ஒண்ணுமே வரல."

வக்கீலம்மா சிரித்தாள். "வில்லங்கச் சான்றுல பதிவான பத்திரம்தான் தம்பி வரும். உங்க அத்தை பொறந்தது அதுல வராது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். உன் பேரைச் சொல்லி யாராவது சிரித்தால் நான் சேர்ந்து சிரிப்பதில்லை என்று நீ தட்டை வாங்காமல் போன அன்றைக்கே வைத்துக்கொண்டது.

"சரி, உங்க அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்தாங்களா? என் பங்கு வேணாம், அண்ணனே எடுத்துக்கட்டும்னு எழுதிப் பதிவு பண்ணியிருக்கணும்" என்றாள். சேகர் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன்.

நீ வந்தாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், யாரும் உன்னைக் குறை சொல்ல வேண்டாம். உங்க அப்பா போன மறு வருஷம், நசரத்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, உன் ஒரே பெண் கலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரெஜிஸ்டர் ஆபீஸுக்கு நீயாகத்தான் வந்தாய். பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஜெராக்ஸ் கடையில் சூடாக வந்த காகிதத்தை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்து வைத்துச் சிரிக்க வைத்தாய். நான் பூ, பழம், மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் புடவை வைத்துக் கொண்டுவந்திருந்தேன். நம் பக்கத்தில் கூடப் பிறந்தவள் பங்கை விட்டுக்கொடுத்தால் அண்ணன் பொண்டாட்டி தட்டு கொடுப்பதும், அவள் அதை முந்தானையில் வாங்கிக்கொள்வதும்தானே வழக்கம். அரக்கு நிறம், மயில்கழுத்துப் பச்சைக் கரை. எனக்கே கட்டிக்கொள்ள ஆசையாக இருந்த புடவை.

தட்டைப் பார்த்ததும் உன் முகம் மாறியது.

"கையெழுத்து போட்றேன் அண்ணி. தட்டு வேணாம்."

"இன்னா வேணாம்? முறைன்னு ஒண்ணு கீது இல்ல?"

"முறைன்னுதான் வேணான்றேன். இத்த வாங்கிக்கினா எல்லாம் முடிஞ்சிச்சின்னு அர்த்தம். நாளைக்கு நான் எந்த ஊட்டுக்கு வர்றது?"

"புடவ புடிக்கலன்னு சொல்லு. சும்மா ஊடு ஊடுன்னு பேசாத."

"அவ்ளோ புட்ச்சிருந்தா நீயே கட்டிக்கினு ஆடு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். உங்க அண்ணன் என் காதோரம் வந்து, "அவதான் கையெழுத்து போட்றேன்றாளே, வுடேன்" என்றார். நான் விடவில்லை. கையெழுத்து என்றால் காகிதத்தில் மை. நாளைக்கே அது என்னுடையது இல்லை என்று ஒருத்தி சொல்லிவிடலாம். முந்தானையில் புடவை வாங்கினவள் வாயைத் திறக்க முடியாது. அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். "தட்டு வாங்கினாத்தான் கையெழுத்து" என்றேன். உள்ளேயிருந்து நம் பேரைக் கூப்பிட்டபோது நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "தேடி வந்த கையெழுத்த நீங்களே வேணாம்னு அனுப்பிட்டீங்களா?"

"அவ தட்டு வாங்கலியே."

"தட்டு கோர்ட்ல செல்லாதும்மா."

"எங்களுக்கு செல்லும்" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. சேகர் கல்யாணத்துக்கு வந்தாய், பந்தியில் உட்காராமல் ஒரு டம்ளர் பாயசத்தை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாய். அதையும் மறக்கவில்லை. போன வருஷம் உன் சேதி வந்தது. உன் தெருவுக்குள் நுழையும்போதே யாரோ, "பொறந்த ஊட்டுக் கோடி வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூந்தமல்லியில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்த புடவையை நான்தான் உன்மேல் போர்த்தினேன். இந்தத் தடவை நீ தள்ளிவிடவில்லை. ஜெயித்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். போர்த்தின பிறகு அப்படி எதுவும் தோன்றவில்லை. கால் வலித்தது, வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

நீயும் இல்லை, உன் வீட்டுக்காரரும் இல்லை என்பதால் உன் பங்கு கலாவுக்கு வருகிறது, அவளைக் கூப்பிடுங்கள் என்றாள் வக்கீலம்மா. கலா வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து டிபன் பையோடு நேரே வக்கீலம்மா ஆபீஸுக்கே வந்தாள். சேகர் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு, உன்னைச் சும்மா அனுப்ப மாட்டோம் என்றான்.

"விடுதலை எழுத மாட்டேன் மாமா. விக்கறதா இருந்தா நானும் கூட நின்னு விக்கறேன். எங்கம்மா பாதி எனக்கு" என்றாள்.

"இத்தினி வருஷமா ஒரு வார்த்த கேக்கல. இப்ப வந்து பாதின்னா இன்னா கலா இது?"

"எங்கம்மா செத்தப்ப பொறந்த ஊட்டுக் கோடி எங்கேந்து வந்துச்சி? கொரட்டூர்லேந்துதான? இதோ, இந்த அத்தைதான போட்டாங்க? அப்ப அது எங்கம்மா பொறந்த ஊடுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

வக்கீலம்மா நடுவில் வந்தாள். "அவங்க கேக்கறதுக்குக் கோடிப் புடவையெல்லாம் தேவையில்ல. சட்டமே அதான் சொல்லுது." அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒன்று, கலா மனசு ஒப்பி விட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையா, நான், சேகர், கலா என்று எல்லோரும் சேர்ந்து விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கோர்ட்டு. அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

சேகருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "கோர்ட்டுக்கே போலாம். இந்த ஊட்டுக்கு அத்தை இன்னா பண்ணுச்சி? ஒரு செங்கல்லு எடுத்து வச்சிச்சா?" என்று கத்தியவன் என் பக்கம் திரும்பினான். "நீயே சொல்லும்மா. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் கீதே."

எனக்குத் தெரியும் அவன் எதைக் கேட்கிறான் என்று. ஒண்ணும் பண்ணல என்று ஒரு வார்த்தை போதும். கலா சின்னப்பெண், பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு அடங்கிப் போயிருப்பாள். அந்த ரயில் ஜன்னல் என் கண் முன்னால்தான் இருந்தது.

ஆனால் என் ஞாபகம் எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிற ஞாபகம் இல்லை. நான் கட்டிக்கொண்டு வந்தபோது அந்த வீட்டுக்குத் தகரம்தான் கூரை. நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாய். சம்பளக் கவரைப் பிரிக்காமல் உங்க அம்மா கையில் கொடுப்பாய். விரலெல்லாம் இரும்புத்தூள் கிழித்த கோடு. அந்தக் கவர்களில்தான் தளம் போட்டார்கள். சேகர் என் வயிற்றில் இருந்தான், ஏணி ஏறக் கூடாது என்றார்கள். ஷிப்ட் முடிந்து வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடம் குடமாக மேலே தூக்கிப் போய்த் தளத்துக்குத் தண்ணீர் விட்டது நீ. தெருவே உன்னைப் புகழ்ந்தது. கீழே உட்கார்ந்துகொண்டு எனக்கு அத்தனை எரிச்சல். அந்த எரிச்சலில்தான் ஒன்றுகூட மறக்காமல் நிற்கிறது.

"செங்கல்லு வைக்கல" என்றேன். "தளம் அவ சம்பளம். நீ வயித்துல கீறப்ப அதுக்கு தண்ணி ஊத்தினதும் அவதான்."

சேகர் என்னையே பார்த்தான். "நீ யாரு பக்கம்மா?"

"யாரு பக்கமும் இல்ல. நடந்தத கேட்ட, சொன்னேன்."

கலா அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை. உனக்காக நான் பேசினதாக அவள் நினைத்துக்கொண்டாள். உனக்காகப் பேச எனக்கு என்ன வந்தது? பொய் சொன்னால் நான் உன்மேல் வைத்திருக்கிற மற்ற குறையெல்லாம் கூடப் பொய்யாகிவிடும் அல்லவா? அதற்குத்தான்.

அதற்கப்புறம் சேகர் கோர்ட்டுப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்தே விற்றோம், இன்றைக்குப் பதிவு முடிந்தது. என் கட்டை விரலை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை. ரேகையெல்லாம் பாத்திரம் தேய்த்ததில் போய்விட்டது என்றேன். கலா கைக்குட்டையை நனைத்து விரலை அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டாள். வலித்தது. அப்புறம்தான் எடுத்தது. "மனசார சம்மதிச்சுத்தான் விக்கறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். சேகர் தலையை ஆட்டினான். கலா மட்டும் ஹாலுக்கே கேட்கிற மாதிரி, "ஆமா சார்" என்றாள். அப்படியே உன் தொண்டை. திடுக்கென்று திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பங்குக்கு ஸ்டேஷன் பக்கத்து பிளாட் எட்டாது. வேலப்பன்சாவடியில் ஹைவேயை ஒட்டி ஒன்று பார்த்திருக்கிறான். மாடிதான். லிப்ட் உண்டு, அதற்கு மனசு வந்தால் ஓடுமாம். ஜன்னலைத் திறந்தால் காலேஜ் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஆட்டோவில் திரும்பி வரும் வழியெல்லாம் சேகர் என்னோடு பேசவில்லை. பேசுவான், வயிறு பசித்தால் பேசத்தான் வேண்டும்.

உன் பாதி கலாவிடம் போய்ச் சேர்ந்தது. உங்க அண்ணன் பாதியை நானும் என் பிள்ளையும் பிரித்துக்கொண்டோம். இனி அந்த வீட்டில் நம் யாருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதியதை எனக்குப் படித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்கினார்கள். உன்மேல் இருக்கிற கோபத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அது பங்கு பிரியாமல் முழுசாக என்னிடம்தான் இருக்கிறது. உன் பெண்ணே வந்து கேட்டாலும் தர மாட்டேன். நான் வரும்போது கூடவே எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ எங்கேயும் போய்விடாதே, அங்கேயே இரு. வந்து பேசிக்கொள்ளலாம்.