கடன் இருக்கிறவர்கள் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு, யோகலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கிலாந்துக் குளிர் பழகிவிட்டது, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் காபிக் கடையில் மூன்று வாரமாகக் கால்பந்து ரசிகர்களின் பேச்சு ஒன்றுதான். பக்கத்து ஊர் கிளப் கடனில் மூழ்கிவிட்டதாம், மைதானத்தையே விற்கப்போகிறார்களாம். அவர்கள் சொல்லச் சொல்ல, நம் பாத்திரக்கடை வாசலில் நின்று எதிர்க்கடை மாரிக்கண்ணன் அண்ணாச்சி உங்களைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குக் கேட்டது: "சங்கரநாராயணன் கடை கடன்ல கிடக்கு, ஆடித்தபசுத் திருவிழா தாண்டாது வே, பாத்துக்கிடும்."

சனிக்கிழமை அந்தக் கிளப் இங்கே எங்கள் ஊர் அணியோடு ஆட வந்தது. கடை டிவியில் அவர்கள் கோல் போட்டதும் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். "நீ யார் பக்கம்?" என்றார் முதலாளி. "கடன் இருக்கிறவர்கள் பக்கம்" என்றேன். சிரித்துவிட்டார். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

படிப்பு முடிய இன்னும் எட்டு மாதம்தான். வந்து நானும் கல்லாவில் உட்காருவேன். யார் என்ன சொன்னாலும் கடையைப் பூட்டாதீர்கள் அப்பா.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். அப்புறம், காலையில் நீங்கள் ஷட்டரைத் தூக்கும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். அதை அலாரமாக வைத்துக்கொள்கிறேன். தினமும் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பஸ் வந்துவிட்டது.
யோகா