அப்பா வெட்டிய நடுக்கால்

ஆகஸ்ட் 2, சனி

மரிக்கினா ஊர் முழுக்க மழை. அப்பா சவாரிக்கு டிரைசைக்கிளை எடுக்கவில்லை. சிகரெட்டை விட்டபின் வரும் முதல் மழை, அதனால் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார். அவருடைய நெஞ்சுப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதை அம்மாவும் நானும் பார்த்தோம். "இன்னொண்ணு பத்த வச்சே, அந்த டிரைசைக்கிள்லயே படுத்துக்க" என்று அம்மா சொன்னது கேலிக்காக இல்லை.

ஆகவே அப்பா சிகரெட்டுக்குப் பதிலாக, பேட்டரிச் சூட்டில் ஆவி இழுக்கும் வேப் ஒன்று செய்கிறார், பழைய டார்ச்சுக் குழாயில்! "கொஞ்ச நாள் இது. அப்புறம் இதையும் விட்டுடுவேன்." உள்ளே சூடாகும் கம்பி இரண்டு லித்தியம் பேட்டரியின் வேகத்தைத் தாங்காது. நடுவே ரெகுலேட்டர் வேண்டும் என்று நூலகப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன். இப்போது நான் "எஞ்சினியரம்மா".

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரெகுலேட்டருக்கு மூன்று கால். ஒன்றில் மின்சாரம் உள்ளே வரும், ஒன்றில் ஐந்து வோல்ட் அளவாக வெளியே போகும். நடுக்கால் கிரவுண்ட். இதை நான் சத்தமாகப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

"கிரவுண்டா? வாயில வைக்கிற சாமான்லயா? உனக்கு அப்பன் வேணுமா வேணாமா?"

பக்கத்து வீட்டு டென்சியோ மாமா ஜன்னலில் தலையை நீட்டினார். "வெட்டிரு அண்ணே. என் கரோக்கே மைக்குலயும் கிரவுண்டு அடிச்சுச்சு. பாதிப் பாட்டுல உதடு துடிச்சுருச்சு."

"பாட்டு நின்னுச்சுல்ல? தெரு பிழைச்சுது" என்றாள் அம்மா.

நான் அரிசி களையப் போனேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பா வேப்பைப் பூட்டி முடித்து இழுத்தார். உள்ளிருந்த திரிப் பஞ்சு கருகிய நாற்றம். வீடே புகை. அப்பா இருமினார், இருமினார், நிறுத்தவே முடியவில்லை.

டென்சியோ மாமா வெளியிலிருந்து கத்தினார்: "வெள்ளைப் புகை வருதே, புதுப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுத்தாச்சா?"

"இதுக்குச் சிகரெட்டே தேவலை" என்று அப்பா கடைக்குப் போய் ஒன்றே ஒன்று வாங்கி வந்து காதில் செருகிக்கொண்டார். அம்மா அந்தக் காதையே பார்த்தாள்.

பெஞ்சுக்கு அடியில் எறும்புக் கால் போல ஒன்று கிடந்தது. நடுக்கால்! வெட்டியே விட்டார்! ஷாக் அடித்தால் 'கிரவுண்ட் அடிச்சிருச்சு' என்றுதானே இங்கே எல்லோரும் சொல்கிறோம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"அப்பா, இது அடிக்கிற கிரவுண்டு இல்ல. மின்சாரம் திரும்பி வர்ற வழி. அத வெட்டினா ரெகுலேட்டருக்கு அளவே தெரியாது. பேட்டரி வேகம் அப்படியே கம்பிக்குப் போயிருச்சு."

"அப்ப வேற பேரு வைக்க வேண்டியதுதானே, முட்டாப் பசங்க!"

வைத்தோம். 'திரும்பி வர்ற கால்'. இந்தப் பெயரில் அதைக் கம்பியோடு பற்றவைக்க அவருக்குப் பயமே இல்லை. புது ரெகுலேட்டர் தேடி, ஈயம் உருக்கி, மீட்டர் வைத்து... காதில் இருந்ததை அம்மா உருவி மழைத் தண்ணீரில் எறிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கம்பி மாற்றுகிறார். மூடி மாற்றுகிறார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பா இன்னும் ஒன்றும் புகைக்கவில்லை, வேப்பையும்தான். பாதி கழற்றிய சாமானை எப்படி இழுப்பது?

இன்று மீட்டர் சரியாக ஐந்து வோல்ட்டில் நின்றது. "முடிஞ்சுது அப்பா! இனி ஒண்ணுமே செய்ய வேண்டாம்!" என்று கைதட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"சுவிட்சு ஆடுற மாதிரி இல்ல?" என்றார். உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றினார்.

சுவிட்ச் ஆடவில்லை. நானே இறுக்கியது. சொல்ல வாயெடுத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று மெல்லத் தலையசைத்தாள்.

"ஆமாம்ப்பா, ரொம்ப ஆடுது" என்றேன்.