மில்லர் தொரையை விசாரித்த விவரம்

பொகவந்தலாவை,
1965, தை 20.

அழகனின் அப்பாவுக்குப் பேச்சியம்மா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே உங்களுக்கு ஒரு குறையும் வராமல் முத்துமாரி காக்க வேண்டும். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. இந்த வருசம் பனி கொட்டிக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டதால் மலையில் பாதி நாள்தான் வேலை. எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை என்பதால் பிழைத்தேன். தாய்மார் மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் பிள்ளைகளை இங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கார்த்திகையில் வந்த உங்கள் கடிதத்தில், அழகனைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்கிற அந்த வெள்ளைக்காரனை நன்றாக விசாரி, யாரையும் லேசில் நம்பிவிடாதே என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆனாலும் உங்கள் சொல்லைத் தட்டவில்லை. விசாரித்துவிட்டேன். அந்த விவரத்தைத்தான் இதில் எழுதுகிறேன்.

அவர் பெயர் மிலோராட். நம் ஆட்கள் வாயில் அது நுழையாமல் மில்லர் தொரை என்றாகிவிட்டது. சொந்த ஊர் செர்பியா. அது யூகோஸ்லாவியா என்கிற தேசத்துக்குள் இருக்கிறதாம். நம் தேயிலை ஸ்டோரில் புது இயந்திரம் பூட்ட வந்தவர். வேலை முடிந்தால் மற்றத் தொரைமார்களோடு கிளப்புக்குப் போக வேண்டியதுதானே? இவர் நம் லயத்து வரிசை வீட்டுப் பையன்களோடு மைதானத்தில் பந்து விளையாடுகிறார். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. கிளாக்கரையா, அது கம்யூனிஸ்டு நாடு, ஆள் பிடிக்க வந்திருப்பான் என்றார். சங்கத் தலைவர், இவன் பெரிய தொரையோட ஆளு, நம்ம பேச்சை ஒட்டுக்கேக்க வந்திருக்கான் என்றார். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் சந்தேகமே போதுமாக இருந்தது.

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது இதுதான். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார்தான் இங்கிலீசில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். சின்ன வயதில் ஊரில் ஆற்றங்கரையில் விளையாடினாராம். அங்கே பார்த்துப் பெரிய பட்டணத்துக் கழகம் ஒன்று அவரைக் கூட்டிக்கொண்டு போய் மாதச் சம்பளம் கொடுத்ததாம். பத்து வருசத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. பிறகு பக்கத்து நாட்டுக்கும் போய் விளையாடினாராம். பந்து உதைக்கச் சம்பளமா? நாம் இடுப்பு ஒடியக் கொழுந்து பறித்தாலே கணக்கப்பிள்ளை நிறுவையில் குறைக்கிறான். எனக்கு இது சுத்தப் புளுகாகத் தெரிந்தது.

அத்தனை வருசத்தில் எத்தனை கோல் அடித்தார் என்று கேட்கச் சொன்னேன். ஒரு கை விரலைக் காட்டி, அதிலும் கட்டை விரலை மடக்கிக்கொண்டு சிரித்தார். கோல் அடிக்காதவனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? நான் நடுவில் நிற்கிறவன், அடிக்கிறவனுக்குப் பந்து கொடுப்பதுதான் என் வேலை என்றாராம்.

பொங்கலுக்கு மறுநாள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுப் பையன்களோடு பந்தயம் நடந்தது. நானும் பார்க்கப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுசன் ஓடவே இல்லை. எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கையா மலையில் நிற்கிற மாதிரி நடுவில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். பந்து வந்தால் உடனே யாருக்காவது தள்ளிவிட்டார். நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து சிரித்தோம். அழகன் இரண்டு கோல் அடித்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு லயமெல்லாம் சுற்றினார்கள். அந்த இரண்டு தடவையும் பந்து அவன் காலுக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போதுதான் யோசித்தேன்.

அதற்காக நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் பையன்களிடம் இன்னொரு கதையும் சொல்லியிருந்தார். ஒரு பெரிய கோப்பைக்கான கடைசிப் பந்தயத்தில், தன் பக்கத்துக் கோல் காக்கிறவனுக்குத் தட்டிய பந்து பாதி வழியில் நின்றுவிட்டதாம். எதிராளி அதை எடுத்து அடித்துவிட்டானாம். கோப்பை போனது என்னால்தான் என்றாராம். நான் கடைத்தெருவில் சரிபுதீன் நானாவிடம் போய் நின்றேன். அவருடைய மச்சான் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. யூகோஸ்லாவியாக் கப்பல் வந்தால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்க நானா என்றேன். நானா சிரித்தார். பொண்ணு கொடுக்கிறவங்ககூட இப்படி விசாரிக்க மாட்டாங்க தங்கச்சி என்றார். நான் கொடுக்கப்போவது பெற்ற பிள்ளையை அல்லவா?

கப்பலும் வந்தது. அதில் சமையல்காரன் ஒருவனுக்கு அரைகுறை இங்கிலீசு தெரிந்திருக்கிறது. பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, நடு ஆட்டத்தில் அவனைப் போல ஒருத்தன் எங்கள் ஊரில் இல்லை என்றானாம். அடுத்த மூச்சிலேயே, அந்தக் கோப்பையைத் தொலைத்த பாவி என்று காறித் துப்பினானாம். இது நடந்து இத்தனை வருசமாகியும் அவனுக்கு ஆறவில்லை. நானா வந்து இதைச் சொன்னார். பொய் சொல்கிறவன் தன்னை உயர்த்திச் சொல்வான். இந்த மனிதர் தன் அவமானத்தைக்கூட உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

ஏன் விளையாட்டை விட்டீர்கள் என்றும் கேட்கச் சொன்னேன். காற்சட்டையைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். தையல் போட்ட வடு நீளமாகக் கிடந்தது. மனைவி இருக்கிறாளா என்று கேட்டதற்கு, இருந்தாள், கால் போன பிறகு நான் வீட்டில் முகம் கொடுக்கவில்லை, அவள் போய்விட்டாள், தப்பு என்மேல்தான் என்றாராம். வாத்தியாருக்கே அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் மறைக்கவில்லை.

கொழும்பில் அவர் சொல்கிற கம்பெனியும் நிஜம்தான். நானாவின் மச்சான் நேரில் போய்ப் பார்த்தார். பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே அவர்களுடைய அணியில் விளையாடலாம், தங்க இடமும் உண்டு. மாசிக்குள் வந்து சேர வேண்டும். அழகன் சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா என்ன எழுதியிருக்காரு, அப்பா என்ன எழுதியிருக்காரு என்று தபால் வரும் நாளெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறான். நீங்களோ அதே கடிதத்தில், எல்லோரையும் இந்தியாவுக்குக் கூட்டிப்போக வருகிறேன், அதுவரை பிள்ளையை எங்கும் அனுப்பாதே என்றீர்கள். நம் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்பதுதான் லயத்தில் பேச்சு. என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? உங்கள் பங்கு நிலத்தைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று நீங்கள் இந்தியாவுக்குப் போனது போன சித்திரையில்.

அழகனை அனுப்ப முடிவு செய்துவிட்டேன். உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் மாசி பிறந்ததும் அவன் போகிறான். உங்களைக் கேட்காமல் நான் செய்கிற முதல் காரியம் இது. கோபப்படுவீர்கள். நேரில் வந்து கோபப்படுங்கள்.

இன்னொன்று. போன வாரம் துறையூரிலிருந்து நம் தோட்டத்து இராமையா அண்ணன் திரும்பி வந்தார். உங்கள் பக்கத்து ஊர்தானே, உங்களைப் பார்த்தாராம். நல்லா இருக்காரு தங்கச்சி என்று கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தேத்தண்ணீர் குடித்து முடித்து, உங்கிட்ட ஒன்னு சொல்லணும் என்று ஆரம்பித்தார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று நான் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் சொன்னதையெல்லாம் நீங்கள் சொன்னபடி ஒன்றுவிடாமல் விசாரித்தேன். எல்லாமே உண்மையாக இருந்தது. உங்களைப் பற்றி மட்டும் நான் இன்னும் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பங்குனித் திருவிழாவுக்கு இராமையா அண்ணன் மறுபடி நம் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அப்போது நான் எழுந்து போக மாட்டேன். அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். முத்துமாரி உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
பேச்சியம்மா