நீ கை நீட்டிய பக்கம்

என் செல்ல அம்மாவுக்கு,

கேளம்பாக்கம் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். வேறெங்கே போவேன்? கோயம்புத்தூருக்குக் கேட்ட மாற்றல் கிடைத்தது. அப்பாவுக்கு முட்டி சுத்தமாக மடங்கவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கவாதத்தில் நீ படுத்திருந்த மூன்று வருடம் முடிந்து, நீ போய் எட்டு மாதம்தான் ஆகிறது.

போன வியாழக்கிழமை பிளஷ் டேங்க் ஒழுகியது. பிளம்பர் தேவராஜ் அண்ணனுக்குப் போன் போட்டு, "பைப்பு ஒழுகுதுண்ணா" என்றேன்.

"எந்தப் பைப்புமா? டேப்பா, ஓஸா, கனெக்‌ஷன் பைப்பா? உங்கம்மா இருந்தா பேரோட சொல்லியிருக்கும்."

எனக்கு எல்லாமே பைப்புதான். உன்னைக் கழுவியதும் குளிப்பாட்டியதும் அந்தக் குளியலறையில்தான். மூன்று வருடத்தில் அங்கிருக்கும் ஒரு சாமானுக்கும் பெயர் தெரிந்துகொள்ளவில்லை.

அண்ணன் வந்து, டேங்குக்குக் கீழே சுவரில் இருந்த ஒரு குட்டித் திருகைத் திருகினார். ஒழுகல் நின்றது. பக்கத்துக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

"ஆங்கிள் காக்கும்மா. மூடுனா இது ஒண்ணுக்கு மட்டும் தண்ணி நிக்கும். மாடிக்கு ஓடி கேட் வால்வ மூட வேணாம். தோ, கழுவிக்கிற ஹெல்த் பாசெட்டுக்கும் தனியா ஒண்ணு கீது பாரு. குடிவந்தப்ப நான் கீழ வெச்சேன், உங்கம்மா வுடல. குந்திகினே கை எட்டணும்னு நின்னு மாத்த வெச்சுது."

கையை நீட்டி அந்தத் திருகைத் தொட்டுப் பார்த்தேன் அம்மா.

அந்தக் காலைப்பொழுது உனக்கு நினைவிருக்கிறதா? நீ கமோடில் உட்கார்ந்திருந்தாய். ஹெல்த் பாசெட்டின் ஓஸ் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உன்னை விட்டால் சாய்ந்துவிடுவாய், ஓஸை விட்டால் உன் முகத்திலேயே அடிக்கிறது. ஒரு கையில் நீ, ஒரு கையில் ஓஸ். கத்தினேன், அப்பாவுக்குக் கேட்கவில்லை. நீயோ பேச்சு வராமல் திணறிக்கொண்டு, இடது கையைச் சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தாய். எழுந்திருக்கப் பார்க்கிறாய் என்று நினைத்து, முழங்கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "செத்துத் தொலையேம்மா, என்ன வுட்ரு" என்றேன்.

ஒருவழியாக அப்பாவுக்குக் கேட்டு, அவர் வாட்ச்மேனை மாடிக்கு அனுப்பி வால்வை மூட அரை மணி நேரம். அதற்குள் நீ கையை மடியில் வைத்துக்கொண்டுவிட்டாய். இரண்டு வாரத்தில் போய்விட்டாய்.

நீ எழுந்திருக்கப் பார்க்கவில்லை. அந்தத் திருகைத்தான் காட்டினாய். இல்லையா?

வேலை முடிந்ததும் தேவராஜ் அண்ணன், கமோடு பக்கத்தில் உனக்காக மாட்டிய கைப்பிடியைக் காட்டி, "இத கழட்டிடவா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் வாசலில் நின்ற அப்பா, "அது இருக்கட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது, இனி அது அவருக்கு வேண்டும். பயமாக இருக்கிறது அம்மா. இன்னும் எத்தனை வருடம்? அன்று சாயந்திரம், எங்கே போவதென்று தெரியாமலே பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன். அப்பா காபி கேட்டார். அடுக்கியதையெல்லாம் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.

எரிச்சல் வராது என்று உனக்கு வாக்குத் தர முடியாது. கட்டாயம் வரும். ஆனால் அப்பா கை நீட்டினால் தட்டிவிட மாட்டேன். எந்தப் பக்கம் நீட்டுகிறார் என்று முதலில் திரும்பிப் பார்ப்பேன்.

அன்று திரும்பிப் பார்க்காத,
உன் ஒரே மகள்
செல்வி